ஷிப்ட்டுவின் சோற்றில் இருந்த வெள்ளைத் தூள்

ஷிப்ட்டு, இதை நீ படிக்கப் போவதில்லை. உயிரோடு இருந்திருந்தாலும் இந்தக் காகிதத்தை முகர்ந்து பார்த்துவிட்டு அதன் மேலேயே படுத்திருப்பாய். ஆனாலும் உன் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன். இந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டுப் பதினொரு நாளாகிறது.

நான் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள். தினமும் ரயிலேறி பெங்களூருக்குப் போய் ஒரு கம்பெனியில் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டுகிறேன். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் ஒரு விஷயத்தை எங்கள் லைனில், சுரங்கக்காரர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், இருக்கிறவர்களிடம் வாயால் சொல்லியாயிற்று. மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

ஷிப்ட்டு எங்கள் நாய். எங்கள் நாய் என்று சொன்னால் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள். "அது எங்க நம்ப நாயி? நீ அதோட பொண்ணு" என்பாள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில், கோரமண்டல் ஸ்டேஷனில் நான் இறங்கியபோது பிளாட்பாரத்தில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பையில் பாதி பன் இருந்தது. போட்டேன். வீடு வரைக்கும் பின்னாலேயே வந்தது. மறுநாள் காலையில் நான் கிளம்பியதும் அதுவும் கிளம்பியது. என்னை ரயிலேற்றிவிட்டுத் திரும்பிப் போனது. சாயங்காலம் வண்டி வரும்போது அதே இடத்தில் நின்றது. அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. வேறு எந்த ரயில் வந்தாலும் படுத்தே கிடக்குமாம். என் வண்டி வந்தால் மட்டும் எழுந்து நிற்குமாம். டீக்கடைக்காரர் சொல்வார்.

குழாயடியில் உட்கார்ந்திருக்கும் பென்ஷன்காரர்கள்தான் பெயர் வைத்தது. அவர்களெல்லாம் இப்போது மூடிக்கிடக்கும் தங்கச் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர்கள். நாங்கள் இரண்டு பேரும் விடிந்தும் விடியாமல் போவதைப் பார்த்து ஒருவர், "பாரு, பர்ஸ்ட் ஷிப்ட்டு கெளம்பிடுச்சி" என்றார். இன்னொருவர், "நாய்க்காவது இந்த ஊர்ல வேலை கெடச்சிதே" என்றார். அன்றிலிருந்து அது ஷிப்ட்டு.

இனி எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் லைனுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் சைனைடு மேடு இருக்கிறது. தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாகிப்போனது. சாம்பல் நிறத்தில் இருக்கும். மழை பெய்தால் அதன் அடியில் தண்ணீர் தேங்கும். சின்ன வயதில் எங்களுக்கெல்லாம் அந்தப் பொடியைத் தொடாதே, அந்தத் தண்ணீரில் கால் வைக்காதே என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். அது சரியான புத்திதான். ஆனால் அதோடு இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. எங்கள் ஊரில் ஆடு செத்தால் மேட்டுத் தண்ணி. மாடு நுரை தள்ளினால் மேட்டுத் தண்ணி. நாய் நாலு நாள் சாப்பிடாமல் கிடந்தாலும் மேட்டுத் தண்ணி. அந்த வார்த்தையை யாராவது சொன்னதும் சுற்றி நிற்கிறவர்கள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். யாரும் குனிந்து அதன் வாயைத் திறந்து பார்ப்பதில்லை. யாரும் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. மேட்டுத் தண்ணி குடித்ததற்கு வைத்தியம் கிடையாது என்று எல்லாருக்கும் தெரியும்.

போன கோடையில் எங்கள் லைன் கடைசியில் சுற்றிக்கொண்டிருந்த செம்பட்டை நாய் செத்துக் கிடந்தது. வழக்கம்போல அதே வார்த்தையைச் சொன்னார்கள். அன்று சாயங்காலம் நான் மேட்டடி வரைக்கும் நடந்து போய்ப் பார்த்தேன். குட்டை காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அங்கே நின்றபோதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. இந்த ஊரில் யாராவது ஒரு நாய்க்கு விஷம் வைத்தால் யாருமே கேட்க மாட்டார்கள். மேட்டின் மேல் பழி போய்விடும். வைத்தவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

அதற்குப் பிறகு நான் எல்லார் கையையும் பார்க்க ஆரம்பித்தேன். பால்காரர் ஷிப்ட்டுவுக்கு பிஸ்கட் போட்டால், அவர் அதே பாக்கெட்டிலிருந்து இன்னொன்றை எடுத்துத் தின்கிறாரா என்று பார்ப்பேன். கறிக்கடையில் எலும்பு கொடுத்தால் முகர்ந்து பார்ப்பேன். அம்மா, "உனுக்கு இன்னாடி ஆச்சி, போலீஸ் நாயி மாதிரி எல்லாத்தையும் மோந்துக்கினு கீற" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லாரையும் விட அதிகமாக நான் சந்தேகப்பட்டது எதிர்வீட்டு அத்தையை. உறவு கிடையாது. லைனில் எல்லாரும் யாருக்காவது அத்தைதான். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை செய்கிறார். தனி ஆள். ஏழெட்டுக் கோழி வளர்க்கிறார். பௌத்தக் குடும்பம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி விளக்கேற்றி, எந்த உயிரையும் கொல்ல மாட்டேன் என்று சொல்கிறவர்கள். முட்டை மட்டும் எடுத்துக்கொள்வார். கோழி கிழடானாலும் அறுக்க மாட்டார். "நம்ப லைன்ல மைன்ஸ்காரங்களுக்கு அப்புறம் பென்ஷன் வாங்கறது அந்தம்மா கோழிங்கதான்" என்று குழாயடியில் கிண்டல் செய்வார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய கோழி ஒன்றை நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. ஷிப்ட்டுதான் என்று அவர் வந்து நின்றார். ஷிப்ட்டு என்னோடு ஸ்டேஷனில் இருந்தது என்று நான் சொன்னேன். நீ வேலையில் இருந்தாய், உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். அம்மாவும் சும்மா இருக்கவில்லை. கோழிக்கு ஊட்டி வளர்க்கத் தெரிந்தவளுக்கு ஒரு பிள்ளை பெறத் தெரியவில்லையே என்று அம்மா சொல்லிவிட்டாள். சொல்லியிருக்கக் கூடாது. அத்தை முகம் அப்படியே நின்றுபோனது. பிறகு ஷிப்ட்டுவைக் காட்டி, "இது ஒரு நாளு மேட்டுத் தண்ணி குடிச்சிதான் சாவும். பாத்துக்கினே இரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது.

எங்கள் லைனில் பேச்சு நின்றால் ஒரேயடியாக நிற்காது. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு வண்டி போகிற அளவுக்குத்தான் இடம். அதனால் சொல்ல வேண்டியதை ஜாடையாக வேறு எதனிடமாவது சொல்வார்கள். அத்தை கோழியிடம் பேசுவார். அம்மா துடைப்பத்திடம் பேசுவாள். குழாயில் தண்ணீர் வந்துவிட்டால் அத்தை கோழியைப் பார்த்து, "தண்ணி வந்துடுச்சிடி. தூங்கறவங்கள யாரு எழுப்பறது" என்பார். உடனே அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். திரும்பி வந்து துடைப்பத்திடம், "ரேஷன்ல நாளைக்கு அரிசி போடறாங்களாம்" என்பாள். மறுநாள் அத்தை பையோடு வரிசையில் நிற்பார். இரண்டு வருடம் இப்படியே ஓடியது.

இந்த மழைக்காலம் ஆரம்பித்தபோது ஷிப்ட்டு இளைத்தது. ஸ்டேஷன் வரைக்கும் வந்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு படுத்துவிடும். ஒரு நாள் காலையில் லைன் முனை வரைக்கும் வந்து, அதற்கு மேல் வராமல் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றது. அம்மா பார்த்துவிட்டு, "மேட்டாண்ட போயிருக்கும்" என்றாள். யாரோ கொஞ்சம் கொஞ்சமாக விஷம் வைக்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷிப்ட்டு அத்தை வீட்டுச் சுவர் நிழலில் படுத்திருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை குனிந்து அதன் காதைப் பிடித்தார். விரலால் எதையோ செய்தார். பிறகு ஒரு தீப்பெட்டியைத் திறந்து மூடினார். நான் வெளியே வந்ததும் தீப்பெட்டியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு கோழியை விரட்டுவதுபோல எழுந்து போனார். இரண்டு வருடம் அந்த நாயைத் தொடாதவர் அன்றைக்கு ஏன் தொட வேண்டும்? தீப்பெட்டியில் என்ன இருந்தது?

இரண்டு நாள் கழித்து நான் வேலையிலிருந்து வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். அத்தை வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. கரண்டியின் பின்பக்கத்தால் தரையில் எதையோ நசுக்கிக்கொண்டிருந்தார். வெள்ளையாக இருந்தது. அதை வழித்துத் தயிர்ச்சோற்றில் போட்டுப் பிசைந்து, ஓரம் உடைந்த அலுமினியத் தட்டில் வைத்து, எங்கள் வாசலுக்கும் அவர் வாசலுக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு வெள்ளையாகவோ சாம்பலாகவோ ஒரு பொடியைப் பார்த்தால் முதலில் ஒரே ஒரு பெயர்தான் ஞாபகம் வரும். வேறு ஊர்ப் பெண்ணாக இருந்தால் மருந்தோ சுண்ணாம்போ என்று நினைத்திருப்பாள். எனக்கு அது தோன்றவே இல்லை. ஷிப்ட்டு தட்டருகே போய்விட்டது. நான் ஓடிப்போய் தட்டைப் பிடுங்கிக் கால்வாயில் கொட்டினேன். காலித் தட்டை அதே இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

அவரிடம் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. சண்டை போட்டால் வேறு வழியில் வைப்பார் என்று பயந்தேன். தெரியாத மாதிரி இருந்து கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அத்தை வெளியே வந்து தட்டைப் பார்த்தார். கோழிக்கூட்டைப் பார்த்து, "தொரை துன்னுட்டாரா?" என்று கேட்டார்.

நான் வாசல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அதனிடம், "துன்னுட்டான், துன்னுட்டான். தட்டுகூட பாக்கி வைக்கல" என்றேன்.

அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இப்படி ஒன்பது நாள். தினமும் நான் வருகிற நேரத்துக்குத் தட்டு இருக்கும். தினமும் கொட்டுவேன். தினமும் அவர் கோழியிடம் கேட்பார், நான் துடைப்பத்திடம் பொய் சொல்வேன். நான்காவது நாள் தயிர்ச்சோற்றில் ஒரு முட்டையும் உதிர்த்துப் போட்டிருந்தது. ஆசை காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நான் இல்லாத நேரத்தில் வெளியே போகக் கூடாதென்று ஷிப்ட்டுவை வீட்டுக்குள்ளேயே கட்டிப்போடச் சொன்னேன். அம்மா, "அந்தம்மா பஞ்சசீலம் சொல்றவங்கடி. கோழிய அறுக்காதவ நாய்க்கு வெசம் வெப்பாளா?" என்று கேட்டாள். சொல்கிறவர்களைத்தான் நம்பக் கூடாது என்று பதில் சொன்னேன்.

நான் கொட்டக் கொட்ட ஷிப்ட்டு தேறியிருக்க வேண்டும். தேறவில்லை. ஈறு வெளுத்துப்போனது. நான் அதையும் அத்தையின் கணக்கில்தான் சேர்த்தேன். முன்னாலேயே உள்ளே போன விஷம் வேலை செய்கிறது என்று நினைத்தேன். ஆஸ்பத்திரி என்ற எண்ணம் எனக்கும் வரவில்லை. மேட்டுத் தண்ணி என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைத் திட்டிக்கொண்டிருந்த நானும் அவர்களைப் போலத்தான் இருந்தேன். அவர்கள் மேட்டைச் சொன்னார்கள். நான் அத்தையைச் சொன்னேன். நாயை யாரும் பார்க்கவில்லை.

பத்தாவது நாள் சாயங்காலம் ரயிலிலிருந்து இறங்கினேன். ஷிப்ட்டு பிளாட்பாரத்தில் கிடந்தது. கழுத்தில் பாதி கடித்த கயிறு. எப்படி அவ்வளவு தூரம் வந்ததென்று தெரியவில்லை. என் வண்டி வந்ததும் எழுந்திருக்கப் பார்த்திருக்கிறது. முன்னங்கால் மட்டும் எழுந்தது. மூக்கிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

ஆட்டோக்காரர் முதலில் ஏற்ற மாட்டேன் என்றார். டீக்கடைக்காரர் ஒரு கோணிப்பையைக் கொண்டுவந்து சீட்டில் விரித்து, "இது உன்ன மாதிரி டூட்டி பாத்த நாயிப்பா. ஏத்து" என்றார். மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் பூட்டிக்கொண்டு கிளம்புகிற நேரம். எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் கதவைத் திறந்தார். இளம் வயது. கன்னடக்காரர். தமிழும் பேசுவார். ஷிப்ட்டுவின் காதைத் திருப்பிப் பார்த்தார், ஈறை அமுக்கிப் பார்த்தார். உண்ணிக் காய்ச்சல் என்றார். காதுக்குள் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கிற உண்ணியால் வருவதாம். நான், விஷம், வெள்ளைப் பொடி என்று உளறிக்கொண்டிருந்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த லைன் நீங்க?"

சொன்னேன்.

"ஒரு அம்மா வந்தாங்களே. தீப்பெட்டியில உண்ணி புடிச்சிட்டு வந்து காட்டினாங்க. போன்ல போட்டோ காட்டினாங்க. நாயைக் கூட்டிட்டு வாங்கன்னேன். அது பேச்சுவார்த்தை இல்லாத வீட்டு நாய், கேக்க முடியாதுன்னாங்க. அதனாலதான் மாத்திரை குடுத்தனுப்பினேன். மாத்ரே கொட்டில்வா?"

மாத்திரை கொடுக்கவில்லையா என்று கேட்கிறார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் ஊசி போட்டார், பாட்டில் ஏற்றினார். அந்த ஒன்பது நாள் மாத்திரையும் உள்ளே போயிருந்தால் பிழைத்திருக்குமா என்று கடைசியில் கேட்டேன். பிழைத்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். என் மேல் இரக்கப்பட்டுத்தான் அந்த இரண்டாவது பாதியைச் சொன்னார் என்று நினைக்கிறேன். அந்த இரக்கத்தையும் சந்தேகப்பட்டேன்.

மறுநாள் காலை, நான் வழக்கமாகக் கிளம்புகிற நேரத்தில், ஷிப்ட்டு என் மடியில் செத்துப்போனது.

லைனுக்குப் பின்னால் தைல மரத்தடியில் குழி வெட்டினார்கள். குழாயடிப் பெரியவர்கள் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இன்னொருவர், "இன்னா பண்றது. மேட்டுத் தண்ணி. அதுக்கு யாரும் ஒண்ணியும் பண்ண முடியாது" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அத்தை கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார். கையில் அந்த ஓரம் உடைந்த தட்டு. நாய் சாப்பிட்ட தட்டு என்று நினைத்துக் குழியில் போடக் கொண்டுவந்திருந்தார். ஒன்பது நாள் மருந்து உள்ளே போயும் செத்துவிட்டதே என்று அவர் மனதில் ஓடியிருக்கும். நான் பேசாமல் இருந்தால் அவர் சாகும் வரைக்கும் அப்படியே நினைத்துக்கொண்டிருப்பார். மேடும் பழியை வாங்கிக்கொள்ளும். என்னை யாரும் கேட்கப் போவதில்லை.

"மேட்டுத் தண்ணி இல்ல பெரிப்பா" என்றேன். "காய்ச்சல். அத்த மருந்து வாங்கியாந்து தெனம் சோத்துல வெச்சாங்க. நாந்தான் வெசம்னு நெனச்சி கால்வாயில கொட்டிட்டேன். அது ஒரு நாளும் துன்னல. நான் பொய் சொன்னேன்."

அம்மா என் கையைப் பிடித்தாள். அத்தை என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தட்டைக் குழியில் போடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே, தட்டிடம் சொல்வதுபோல, "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றார். பிறகு திரும்பி நடந்துவிட்டார்.

நான் பின்னாலேயே ஓடினேன். அவர் வாசலில் நிறுத்தி, நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்க எனக்கு உரிமையில்லை. ஆனாலும் கேட்டேன்.

அவர் முதல்முறையாகக் கோழியைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "கோழிய கவ்வினது இவன் இல்ல. கடேசி வூட்டாண்ட இருந்த செம்பட்ட. அப்புறமா அது இன்னொரு கோழிய கவ்வ வந்தத நானே கண்ணால பாத்தேன். பாத்தப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு உங்கம்மாகிட்ட வந்து சொல்றது? அதான் கம்முனு வெச்சிட்டு போனேன்."

எனக்கு உடனே அந்தச் செம்பட்டை நாய் எப்படிச் செத்தது என்று கேட்கத் தோன்றியது. வாய் வரைக்கும் வந்தது. அப்படிப்பட்ட மனசு எனக்கு. ஆனால் இந்த முறை அதை வைத்துக்கொண்டு அலையாமல் நேரே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. அதன் மேல் லாரி மோதியது, வயிற்றுக்குள் அடி, வெளியே காயம் தெரியவில்லை, லாரி போனதைத் தான் பார்த்ததாகச் சொன்னார். மேட்டுத் தண்ணி என்று மற்றவர்கள் சொன்னபோது தானும் தலையாட்டியதாகவும் சொன்னார்.

இப்போது என் சந்தேகம் முழுதும் போய்விட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். யாராவது தெருநாய்க்குச் சோறு வைத்தால் இன்னும் தட்டைத்தான் முதலில் பார்க்கிறேன். ஆனால் பார்த்துவிட்டுப் பேசாமல் போவதில்லை. "இன்னா வெச்சீங்க அத்த, இன்னா வெச்சீங்க மாமா" என்று கேட்டுவிடுகிறேன். சில பேர் முறைக்கிறார்கள். சில பேர் சொல்கிறார்கள். கேட்ட பிறகு நாயிடம் குனிந்து, காதைத் திருப்பி, ஈறு சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அரை நிமிடத்தை நான் ஷிப்ட்டுவுக்குக் கொடுக்கவில்லை. எல்லார் கையையும் பார்த்தேன், அதன் வாயை மட்டும் பார்க்கவில்லை.

நீங்கள் எந்த ஊராக இருந்தாலும் உங்கள் ஊரிலும் ஒரு மேட்டுத் தண்ணி இருக்கும். வேறு பெயரில் இருக்கும். வயசாயிடுச்சி, வெயிலு, எதையோ தின்னுடுச்சி என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்ந்து போக ஒரு வழி இருக்கும். அந்த வார்த்தை வாயில் வந்தால் தயவுசெய்து அதைச் சொல்வதற்கு முன் குனிந்து பாருங்கள். பக்கத்து வீட்டோடு பேச்சு இல்லையென்றாலும் அந்த வீட்டு நாய்க்காக ஒரு வார்த்தை பேசுங்கள். கோழியிடமாவது பேசுங்கள். ஆனால் புரிகிற மாதிரி பேசுங்கள்.

அம்மாவும் அத்தையும் இன்னும் நேரே பேசவில்லை. நேற்று அத்தை கோழியிடம், "பேத்தமங்களா பஸ்ஸு நிக்கிற எடத்துல ஒரு குட்டி நொண்டிக்கினு கீது" என்றார். அம்மா துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அத்தை ஏற்கனவே பையோடு நின்றிருந்தார். பைக்குள் அந்த அலுமினியத் தட்டு இருந்தது.

ஷிப்ட்டு, இன்று காலையிலும் தனியாகத்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். லைன் முனையில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். புத்த விகாரைக்குப் போகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள், ஆண்டர்சன்பேட்டை சர்ச்சுகளுக்குப் போகிறவர்கள், எங்கேயும் போகாமல் வீட்டில் கண்ணை மூடுகிறவர்கள், எல்லாரும் ஒரு தடவை ஷிப்ட்டு என்ற நாய்க்காக வேண்டிக்கொள்ளுங்கள். ஒரு நாய்க்காகக் கும்பிடச் சொல்கிறாளே என்று சிரிப்பு வந்தால் சிரித்துவிட்டு வேண்டிக்கொள்ளுங்கள். அது இப்போது எங்கே இருந்தாலும் அதற்கு மூச்சு வாங்கக் கூடாது. அதன் முன்னால் யாராவது தட்டு வைத்தால், யாரும் அதைப் பிடுங்கிவிடக் கூடாது. அதை மட்டும் கேளுங்கள்.